போறணைக் குழாயில் பூசிய ரெசின்

பின்னேரம் நாலு இருபதுக்குத் தகரம் விழும் சத்தம் கேட்டது. முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் ஓடிப்போய்க் குசினிக் கதவைத் திறந்தேன். ஒரே புகை. அண்ணன் பைபர் படகு ஒட்டும் கொட்டிலில் வருமே, அந்த நாற்றமும் சேர்ந்து மூக்கைக் குத்தியது.

உள்ளே மகள். சின்ன வயதிலிருந்தே இழுப்பு உள்ள பிள்ளை.

கையைப் பிடித்து இழுத்து வந்து முற்றத்தில் இருத்தி, இழுப்பு மருந்துப் பம்பை வாயில் வைத்தேன். நெஞ்சு விசிலடித்தது. மூச்சு கொஞ்சம் வந்ததும் கேட்டாள்: "கேக் கருகிட்டுதோ அம்மா?"

"கேக்கைக் கொண்டுபோய்க் கடலில போடு!" என்று கத்திவிட்டு நான்தான் அழுதேன்.

பிழை என்னுடையது. மகள் வீட்டில் கேக் செய்து விற்பவள். காஸ் தட்டுப்பாடான காலத்தில் அவளுக்கென்று கேக் வேகவைக்கச் சின்ன விறகுப் போறணை ஒன்று கட்டினோம். அதன் தகரப் புகைக்குழாய் இரண்டு துண்டு. பொருத்தில் புகை கசிந்தது, கறுப்புத் தண்ணீரும் வடிந்தது. எங்கள் ஊர் பள்ளிமுனையில் எது ஒழுகினாலும் படகுக்குப் பூசி மிஞ்சிய ரெசின் பசையைத்தான் தேடுவோம். எங்கள் வாளி, தண்ணீர்த் தாங்கி, கதிரைக்கால் எல்லாம் அதில்தான் நிற்கின்றன. எதற்கென்று சொல்லாமல் அண்ணனிடம் வாங்கிப் பொருத்தைச் சுற்றி நானே பூசினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் பெரிய ஓடர், பெரிய நெருப்பு. சோளகக் காற்று மண்ணை அள்ளி வந்ததால் அவள் யன்னலையும் சாத்தியிருந்தாள். ரெசின் இளகிப் புகைந்து, மேல்குழாய் கழன்று விழுந்துவிட்டது.

அண்ணன் ஓட்டோவோடு வந்தார். ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்த பிறகுதான் அவள் மூச்சு சீரானது. திரும்பி வரும்போது அண்ணன் சொன்னார்: "என்னத்துக்கெண்டு சொல்லியிருந்தா நான் தந்திருப்பனே? சூட்டுக்கு அது மெழுகடி. பள்ளிக்கூடத்தில விஞ்ஞானமெல்லே படிப்பிக்கிறாய்!"

"மாமா, விடுங்கோ. அம்மா பாவம்," என்றாள் மகள்.

அடுத்த நாள் குசினியைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டேன். முற்றத்துக் கல்லடுப்பில் சமைத்தேன். இரவில் எழுந்து போய் அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டாம் நாள் அவள் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, என்னையும் உள்ளுக்கு வைச்சுப் பூட்டுங்கோவன்," என்றாள்.

மூன்றாம் நாள் காலை, நான் சொல்லியனுப்பியபடி தோட்டவெளி ஊரிலிருந்து தகரவேலை செய்யும் முஸ்லிம் நானா வந்து சேர்ந்தார். ரெசினைச் சுரண்டிக்கொண்டே சிரித்தார்.

"ரீச்சர், படகுக்குத் தண்ணி உள்ள வராட்டிப் போதும். இதுக்குப் புகை வெளிய போகோணும், சூடும் தாங்கோணும்."

மேல்குழாயின் வாயைக் கீழ்க்குழாய்க்குள் இறக்கினார். அப்படி இறங்கினால்தான் கறுப்புத் தண்ணீர் வெளியே வடியாதாம். மூன்று ஆணி முடுக்கி, சாம்பல் குழைத்த களிமண்ணை இடுக்கில் அழுத்தி, தகரப் பட்டி கட்டினார். களி இறுகியதும் தேங்காய்ப் பொச்சு ஒன்றைக் கொளுத்திப் போறணைக்குள் வைத்துவிட்டு, பொருத்தைச் சுற்றி மூக்கை வைத்து மணந்து பார்த்தார். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்டும் கசியல்ல," என்றார். "மாசத்துக்கு ஒருக்கா வெடிப்புப் பாத்துக் களி பூசுங்க. இனிப் புள்ளையக் கூப்பிடுங்க. யன்னலை மட்டும் சாத்த விடாதீங்க."