நான்காவது வருஷமும் ஐந்தாவது வருஷமும்

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் இந்த மூன்று நாளும் என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். நகரியிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம், அங்கே நாலு மணி நேரம், திரும்பி வர ஒன்றரை மணி நேரம். இரண்டு வருஷம் வாடகைக் காரில் போனோம். டிரைவர் எப்போது வருவார் என்று தெருவையே பார்த்துக்கொண்டு நிற்பதும், வந்தவர் வழியில் டீ குடிக்க நிறுத்தினால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் போதும்டா சாமி என்றாகிவிட்டது. டீச்சர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஐம்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் தெலுங்கில் கத்துவார், நான் தமிழில் திருப்பிக் கத்துவேன். எப்படியோ லைசென்ஸ் வந்தது.

கார் எடுக்கத் திருப்பதி ஷோரூமுக்குப் போனதும் ஒரு வியாழக்கிழமைதான். அதற்கென்று தனியாக ஒரு நாள் கிளம்ப எங்கள் இரண்டு பேருக்கும் தெம்பில்லை. டயாலிசிஸ் முடிந்த கையோடு போய்விட்டோம். அவர் கையில் பிளாஸ்திரியோடு நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். காட்டின இடத்திலெல்லாம் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை கையெழுத்து! கல்யாணத்துக்குக்கூட ஒன்றும் போடவில்லை. எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தபோது, அங்கே வேலை செய்யும் பெண் இன்னொரு தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"மேடம், மூணு வருஷம் கம்பெனியே வாரன்டி இஸ்துந்தி. அதுக்கு மேல ரெண்டு வருஷத்துக்கு நீங்க எக்ஸ்ட்ரா வாரன்டி போட்டுக்கலாம். மொத்தம் அஞ்சு வருஷம், எந்த டென்ஷனும் லேது!"

நான் யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

"இன்னும் அஞ்சு வருசமா? ஐயோ, யாரால ஆவும்!"

அந்தப் பெண் சிரித்தாள். வண்டி அதெல்லாம் ஜோராக ஓடும், பயப்படாதீங்க என்றாள். நானும் சிரித்து வைத்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டுக்கொண்டிருந்தார்.

நான் காரைச் சொல்லவில்லை. ஐந்து வருஷம் என்று அவள் சொன்னதும் என் கண்ணுக்கு முன்னால் வந்தது அந்த ரோடுதான். புத்தூர் நெரிசல், வடமாலபேட்டை டோல்கேட், ஆஸ்பத்திரி வராந்தாவில் முதுகை ஒடிக்கும் இரும்பு நாற்காலி. இன்னும் ஐந்து வருஷம் இதுவா என்றுதான் கேட்டேன். ஆனால் அவருடைய நோய்க்கு இது நின்றால் என்ன ஆகும்? இது முடியவேண்டும் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நினைக்கும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டதா இல்லையா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

இனிமேல் அந்தத் தாளை என்ன செய்வது? வேண்டாம் என்றால், நாலாவது வருஷம் உனக்கு இருக்கிறதா பார்ப்போம் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதுபோல ஆகும். வேண்டும் என்றால், சொன்னதைப் பூசி மெழுகுகிறேன் என்று தெரிந்துபோகும். அப்புறம் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். ஒரு மாதத்துக்குள் போட்டால் இதே விலைதான், தாண்டினால் ஏறிவிடும் என்றாள் அந்தப் பெண்.

புதுக் காரில் முதன்முதலாக இருவரும் வீடு திரும்பினோம். ஏசி நன்றாக வேலை செய்தது. அதைத் தவிரப் பேச எங்களிடம் ஒன்றும் இல்லை. புத்தூர் வந்ததும் கேட்டேன்.

"இன்னா மாமா, எதுனா துன்றியா?"

"வேணாம்."

அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, டயாலிசிஸ் முடித்து வெளியே வந்தவர் காரில் ஏறிக்கொண்டே சொன்னார். "இனிமே வாரத்துக்கு ரெண்டு தபா போதும்னு டாக்டரு சொல்லிட்டாரு. சனிக்கெழம வர வேணாமாம்."

லீவ் லெட்டர் எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகளை முப்பது வருஷம் குறுக்குக் கேள்வி கேட்டே அழவைத்தவள் நான். அன்றைக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. எந்த டாக்டர், ஏன், என்ன டெஸ்டில் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை என்றால் பெருமாளைப் பார்க்க ஊர் உலகமே திருப்பதி ரோட்டில் கிளம்பிவிடும். அந்தக் கூட்டத்தில் இனி போகவேண்டாம் என்பதைத் தவிர வேறெதுவும் என் காதில் ஏறவில்லை.

முதல் சனிக்கிழமை எட்டு மணி வரை தூங்கினேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சூடாக இட்லியை உட்கார்ந்து சாப்பிட்டேன். "இன்னாமே, நல்லா தூங்கினியா?" என்று கேட்டார். கட்டையாகத் தூங்கினேன் என்றேன். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். இரண்டாவது சனிக்கிழமையும் அப்படியே. மூன்றாவது சனிக்கிழமை நடுப்பகலில் அவர் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்குவதைப் பார்த்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனா, நினைக்க விரும்பினேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கால் செருப்புக்குள் போகவில்லை. இரண்டு பாதமும் வீங்கி மினுமினுத்தன. காரில் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டே வந்தார். அந்த ரோட்டில் நான் ஓட்டிய ஓட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்த பிறகு, டயாலிசிஸ் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் வராந்தாவுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏமம்மா, மூணு சனிக்கிழமையா ஏன் கூட்டிட்டு வரல? டாக்டர்காரு திட்டுறாரு. போன் பண்ணா, எங்க வீட்ல அவளால முடியல, ரெண்டு நாளே போதும்னு சார் சொல்றாரு. உங்களுக்கு முடியலன்னா வேற யாரையாவது அனுப்பலாம் கதா?"

இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அவர்மேலா என்மேலா என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். எனக்கு மூன்று நாள் நல்ல தூக்கம் கொடுக்க இந்த மனுஷன் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். நானும் வாங்கித் தூங்கியிருக்கிறேன்.

அபாயம் தாண்டிவிட்டது, நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். எழுந்தேன். நேரே ஷோரூமுக்குப் போனேன். அந்தப் பெண் நாற்காலி காட்டினாள், உட்காரவில்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டுப் பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

முடிகிற நேரத்தில் என்னை உள்ளே விட்டார்கள். அவர் முகம் வெளுத்திருந்தது, ஆனால் மூச்சு சீராகியிருந்தது. அந்தத் தாளை அவர் வயிற்றின்மேல் வைத்தேன்.

"இன்னாமே இது?"

"நாலாவது வருசம், அஞ்சாவது வருசம். கட்டிட்டேன். திருப்பித் தரமாட்டாங்களாம்."

தாளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "நீதான ஆவாதுன்ன," என்றார்.

"ஆமா, சொன்னேன். ஆவலதான். இடுப்பு போவுது. அந்த டோல்கேட்டப் பாத்தாலே கொமட்டிக்கினு வருது. அலுத்துப் போச்சுன்னா அலுத்துப் போச்சுன்னுதான் சொல்லுவேன். உன்ன வேணாம்னு எப்ப சொன்னேன்? சொல்லு மாமா, எப்ப சொன்னேன்?"

வகுப்பில் கத்துவதுபோலக் கத்திவிட்டேன். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் போர்வையை விலக்கிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இமையோரம் ஈரமாயிற்று.

"எனக்கும் அலுத்துப் போச்சுமே," என்றார்.

இந்த இரண்டு வருஷத்தில் அவர் அதைச் சொன்னதே இல்லை. ஊசி குத்தும்போதும், தண்ணீர் அளந்து குடிக்கும்போதும், ஒருநாளும் சொன்னதில்லை. களைப்பு எனக்கு மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"அலுக்கட்டும்," என்றேன். "சனிக்கெழம அஞ்சரைக்கெல்லாம் கெளம்பணும்."