கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே ஒரு கேள்வி

மனு டைப் அடிப்பது என் பிழைப்பு. அரியலூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதலோ, ஜீவனாம்சமோ, முதியோர் பென்ஷனோ, எதைக் கேட்டு வந்தாலும் அது என் விரல் வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரு எழுத்தில் துணைக்கால் விட்டுப்போனால் பாவம், வந்தவர் பஸ் செலவு செய்துகொண்டு திரும்ப வர வேண்டும். அதனால் எழுத்துப்பிழையைக் கண்டால் எனக்கு ஆகாது. சோற்றில் கல் கடித்த மாதிரி பல் கூசும்.

எனக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு, கிரிக்கெட். டிவியில் வருவதைச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிற டென்னிஸ் பால் கிரிக்கெட்டைச் சொல்கிறேன். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்து ரசிகர்களுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. கடை நம்பரில்தான் நான் அதில் இருந்தேன். புரொஃபைலில் கடை போர்டு படம். ஜெராக்ஸ் கடைக்காரர் என்றால் ஆம்பளை என்று அவர்களே முடிவு செய்துகொண்டு என்னை சார், சார் என்றார்கள். நானும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐயோ, அந்தக் குரூப்பில் தமிழ் பட்ட பாடு இருக்கிறதே! அணியை 'அனி' என்பார்கள். தோல்வியைத் 'தோள்வி' என்பார்கள். 'முதல் ஆட்டக்காரர் கலத்தில் இறங்கினார்' என்று ஒருவன் போட்டான். சோற்றுக் கலத்திலா இறங்கினான் என்று கேட்டால், 'ஆமா சார்' என்று பதில் வந்தது. ஒருநாள் 'நமது அணி அமோக தோல்வி' என்று ஒருவன் எழுதியிருந்தான். அமோகம் விளைச்சலுக்குச் சொல்வது தம்பி, தோல்விக்குப் படுதோல்வி என்று எழுது என்றேன். மறுவாரம் ஜெயித்தபோது 'படுவெற்றி' என்று போட்டானே பார்க்கலாம்! தலையில் அடித்துக்கொண்டேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாவு வார்த்தைகளை அவர்கள் வாரி இறைப்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. நன்றாக ஆடினால் 'மரண மாஸ்'. அவுட்டானால் 'முதல் பந்திலேயே காலமானார்'. ஒரு அணி தோற்றுவிட்டால் போதும், ஜெயித்த பக்கத்துப் பையன்கள் அரை மணியில் போஸ்டர் தயார் செய்துவிடுவார்கள். தோற்ற கேப்டனின் போட்டோ, அதற்கு மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. தோற்றம் என்று டாஸ் போட்ட நேரம். மறைவு என்று கடைசி விக்கெட் விழுந்த நேரம். பந்து வீசுகிறவர் அடி வாங்கினால் 'அவசரம்! ரத்தம் தேவை!' என்று வேறொரு போஸ்டர். உயிரோடு இருக்கிறவனுக்கு மாலை போடுகிறீர்களே, உங்களுக்கு நாக்கு கூசாதா, கை கூசாதா என்று நான் கத்தாத ஞாயிறு கிடையாது. 'காமெடிக்கு சார்' என்பார்கள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

ஒவ்வொரு போஸ்டருக்குக் கீழேயும் தவறாமல் ஒரு கேள்வி வந்து விழும். 'உன்மையா?' எப்போதும் ஒரே நம்பரிலிருந்துதான் வரும். கேப்டனைக் கொன்றாலும், கீப்பரைக் கொன்றாலும், பந்து பொறுக்குகிறவனைக் கொன்றாலும் 'உன்மையா?' மூன்று சுழி ண போடுங்கள் என்று நான் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். 'சரிங்க சார்' என்பார். அடுத்த வாரம் அதே இரண்டு சுழி. குரூப்பே அவரை டியூப்லைட் என்று கூப்பிட்டது. இப்படியும் ஒரு மரமண்டை இருக்குமா என்று எனக்கும் அப்போதெல்லாம் எரிச்சலாகத்தான் இருந்தது.

சென்ற சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் தங்கச்சிக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் கழித்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, அன்று காலைதான் ஜில்லா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. எங்களுக்கு அம்மா இல்லை. அவள் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போயிருந்தார். நான்தான் கூட இருந்தேன். குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போன நர்ஸம்மா, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது.

"ரத்தம் நிக்க மாட்டேங்குதுக்கா. ஓ நெகட்டிவ் வேற. ஸ்டாக்குல ஒரே யூனிட்தான் இருந்துச்சு, ஏத்திட்டோம். திருச்சிக்குச் சொல்லியிருக்கோம். அது வர்றதுக்குள்ள நீங்களும் ஆளப் பாருங்க."

என் ரத்தம் பாசிட்டிவ். சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, தெருக்காரர்கள், கோர்ட் குமாஸ்தாக்கள் என்று ஒருவர் விடாமல் போன் போட்டேன். ஒருவருக்கும் பொருந்தவில்லை. கடைசியில்தான் அந்தக் குரூப் ஞாபகம் வந்தது. இரண்டு மாவட்டத்திலும் தடிதடியாக ஆம்பளைகள் இருக்கிற இடம், நானூறு ஐந்நூறு பேரில் ஒருவனுக்காவது இருக்காதா என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் டைப் அடித்தேன்.

'அரியலூர் அரசு ஆஸ்பத்திரி. பிரசவமான பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரம். யாராவது உடனே வாருங்கள்.'

அன்று காலை அரையிறுதியில் எங்கள் அணி தோற்றிருந்தது எனக்குத் தெரியாது. என் செய்திக்கு நேர் மேலே, எங்கள் பவுலரின் போட்டோவோடு 'அரியலூர் அணிக்கு அவசரமாக ரத்தம் தேவை, எல்லா குரூப்பும் ஏற்கப்படும்' என்ற போஸ்டர் இருந்ததையும் நான் பார்க்கவில்லை.

சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன, ஒன்று இரண்டல்ல, திரையே மஞ்சளாகிவிட்டது. 'சார் இன்னிக்கு செம பார்ம்.' 'மரண பங்கம் சார்.' 'பிரசவம் உங்க கேப்டனுக்கா?' சிறுவாச்சூர்க்காரர் ஒருவர், 'கொழந்த ஆணா பொண்ணா, இல்ல டக் அவுட்டா?' என்று கேட்டிருந்தார். 'இது விளையாட்டு இல்லை, நிஜம்' என்று எழுதினேன். 'சார் நடிப்பு வேற லெவல்' என்று அதற்கும் சிரித்தார்கள். கதவுக்கு அந்தப்பக்கம் என் தங்கச்சி போய்க்கொண்டிருக்கிறாள், இங்கே சிரிப்பு! அட பாவிகளா, நீங்கள் விளங்குவீர்களா என்று வராந்தா என்றும் பார்க்காமல் சத்தமாகவே திட்டிவிட்டேன். குழந்தை வீறிட்டு அழுதது.

அப்போதுதான் அது வந்தது. 'உன்மையா?'

நான் பதில் எழுதுவதற்குள் அதே நம்பரிலிருந்து போன் அடித்தது.

"ஹலோ, கடைக்கார சார் இருக்காங்களா?"

"சாரும் இல்ல மோரும் இல்ல, கடை என்னுதுதாங்க. ஆஸ்பத்திரில கெடக்கறது என் தங்கச்சி."

"அக்காவா? நெசமாத்தானே சொல்றீங்க?"

"உசுரு போயிட்டிருக்கு, பொய்யாடா சொல்லுவேன்!"

டா போட்டதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. "அழாதீங்கக்கா. அல்லா லேசாக்குவான். எனக்கு ஊரு லப்பைக்குடிக்காடு. லைன வைங்க, ஆளோட வரேன்."

குரூப்பில் இருந்த நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டிருக்கிறார் மனுஷன். வெயில் தாழ்வதற்குள் ஒரு கார் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. ஒல்லியாக, முப்பத்தைந்து வயசு இருக்கும், அவர் இறங்கினார். பின்னாலேயே கழுத்தில் துண்டோடு கனமான ஒருவர் இறங்கி என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"இவருக்கு ஓ நெகட்டிவ்க்கா. சிறுவாச்சூர்ல எளநீக் கடை. கடையப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்துட்டாரு."

"அந்த டக் அவுட்டு..." என்று கனமானவர் ஆரம்பித்தார். குரல் உடைந்துவிட்டது. "நான்தாங்க அத எழுதுனது. எம்புள்ளைங்க மேல சத்தியமா, வெளாட்டுன்னு நெனச்சுட்டேங்க."

செருப்பால் அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது எனக்கு. ஆனால் அவர் கையில்தானே என் தங்கச்சி உயிர் இருந்தது. "மொதல்ல உள்ள போங்க" என்றேன். ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அவர் ரத்தத்தைச் சோதித்து ஏற்றி, திருச்சியிலிருந்தும் ஒரு பை வந்து சேர்ந்து, நர்ஸம்மா வெளியே வந்து "நின்னுருச்சுக்கா, கண்ணத் தொறந்து கொழந்தையக் கேக்குது" என்று சொன்னபோது நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இளநீர்க்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். குழந்தையை உள்ளே அவளிடம் கொடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

லப்பைக்குடிக்காட்டுக்காரரை எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். என் பாரம் இறங்கியிருந்தது. வாய் சும்மா இருக்குமா?

"ஏங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. ஊரே சிரிக்குது, நீங்க மட்டும் எல்லா போஸ்டருக்கும் உண்மையா உண்மையான்னு கேக்கறீங்களே. வெளாட்டுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"எங்க அத்தா அம்பயரா இருந்தாங்கக்கா. வெள்ளத் தொப்பி."

அப்பாவை அவர்கள் அத்தா என்பார்கள். வெள்ளைத் தொப்பி அம்பயரைத் தெரியாமலா? அவர் விரல் தூக்காவிட்டால் ஒரு பக்கம் கொண்டாடும், இன்னொரு பக்கம் கொதிக்கும். நான் குரூப்பில் சேர்வதற்கு முன்பே தவறிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"புடிக்காத தீர்ப்பு குடுத்தா அத்தாவுக்கும் போஸ்டர் போட்டுருவாங்க. நான் அப்ப வெளிநாட்டுல. பாத்துப் பாத்துச் சிரிப்பேன். அத்தாட்டயே போன்ல, 'இந்த வாரமும் சாகடிச்சுட்டாங்களா, மவுத்தாயிட்டீங்களா'ன்னு கேப்பேன். அவங்களும் சிரிப்பாங்க. ஒருநாள் ட்யூட்டிக்குக் கெளம்பறப்ப போட்டோ வந்துச்சு. அதே மாலை, அதே குத்துவெளக்கு. மொத நாளு ஒரு ரன் அவுட் தகராறு. அதுக்குத்தான்னு நெனச்சு நானும் சிரிச்ச பொம்மையப் போட்டுட்டு, போன லாக்கர்ல வச்சுட்டுப் போயிட்டேன்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பசங்க துக்கத்துலதாங்க்கா போட்டிருக்காங்க. அவனுங்ககிட்ட இருந்தது அந்த ஒரு டிசைன்தானே. சாயங்காலம் வந்து பாக்கறேன், தம்பி எத்தனையோ தடவ கூப்பிட்டிருக்கான். அடக்கமே முடிஞ்சிருச்சு. நான் எடுத்துருவேன் எடுத்துருவேன்னு வீடியோ காலப் போட்டு, அத்தா மொகத்துக்கு நேரா போனப் புடிச்சுட்டே நின்னானாம்."

போனை எடுத்து எனக்குக் காட்டினார். வெள்ளைத் தொப்பி, மாலை, விளக்கு. கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள். அதற்கு நடுவில் ஒரே ஒரு சிரிப்புப் பொம்மை, அவருடையது.

"இந்தப் பொம்மைய எடுத்துரலாமேங்க" என்றேன்.

"எடுக்கத் தெரியும்க்கா" என்றார். எடுக்கவில்லை.

இரண்டு பேர் போனும் ஒரே சமயத்தில் டிங் என்றது. அன்று மாலை இறுதி ஆட்டம் முடிந்திருந்தது. இவ்வளவு நடந்தும், அன்றைக்கே, பெரம்பலூர் கேப்டன் மாலையும் விளக்குமாகத் திரையில் நின்றான். கண்ணீர் அஞ்சலி. தோற்றம், மறைவு.

அவர் குனிந்து அதே கேள்வியை டைப் அடித்து அனுப்பினார். யாராவது ஒருவன் 'காமெடிக்கு பாய்' என்று பதில் போடுகிறவரைக்கும் அவர் டீயைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.