தரைத்தளத்தில் 1401-ஆம் நம்பர் அறை

போன வாரம் என் வாய் ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது.

என் வாயைப் பற்றி இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மெயில் போட்டுத் திட்டியவர்களே உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள். ஆனால் இதுவரை அது வீட்டிலும் அபார்ட்மென்ட் மீட்டிங்கிலும்தான் வேலையைக் காட்டியிருக்கிறது. ஊர் விட்டு ஊர் போய் அடுத்தவர் வீட்டு நல்ல காரியத்தில் புகுந்தது இதுதான் முதல் தடவை.

நானும் கணவரும் ஸ்ரீரங்கம் போயிருந்தோம். சனி, ஞாயிறு, கூடவே திங்கட்கிழமை லீவ். கேட்க வேண்டுமா? எந்த வீதியில் காரைத் திருப்பினாலும் எதிரே ஒரு டூரிஸ்ட் வேன். லாட்ஜில் கிடைத்த ஒரே ரூமில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜ்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் இரண்டடிதான் இடைவெளி. பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்ததும் கணவரிடம் சொல்லிவிட்டேன். "ஆள் நடமாட்டம் இல்லாத இடமா ஒரு ரூம் பாருங்க. இல்லைனா இப்பவே ஊருக்குத் திரும்பிடலாம்."

அவர் போனைத் தடவித் தடவி ஒன்றைக் கண்டுபிடித்தார். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, டோல்கேட்டில் திரும்பி, முசிறி ரோட்டில் அரை மணி நேரம். அப்புறம் வாழைத்தோட்டத்துக்கு நடுவே ஒரு மண் பாதை. பாதை முடிகிற இடத்தில் ஓட்டல்.

மாடி கிடையாது. தரையோடு தரையாக ஒரே வரிசையில் ஆறு அறைகள். கதவில் நம்பரைப் பார்த்தேன் — 1401. பக்கத்தில் 1402. இப்படியே 1406 வரைக்கும்.

"மீதி ஆயிரத்து நானூறு ரூம் எங்கேப்பா?" என்றார் என் கணவர். அவர் ஜோக் அடிப்பது வருஷத்துக்கு இரண்டு தடவை. அதில் ஒன்று அங்கே செலவானது.

உள்ளே போனால் கட்டில் மேல் யானை. டவலை மடித்துச் செய்த யானை, தும்பிக்கையெல்லாம் இருக்கிறது. கதவுக்குப் பின்னால் பிரேம் போட்ட ஓர் அறிவிப்பு: 'தீ விபத்தின்போது லிஃப்ட்டைப் பயன்படுத்தாதீர்கள்.' லிஃப்ட்டா? படிக்கட்டே கிடையாதே ஐயா!

ஓட்டலை நடத்துபவர் ஜமால் பாய். திருச்சி டவுன்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். துபாயில் பெரிய ஓட்டல் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். மனைவி சமையல். அறை வேலை முழுக்க இவரேதான். மறுநாள் காலை கதவை மூன்று தட்டு தட்டி, "ஹவுஸ்கீப்பிங்!" என்று குரல் கொடுத்துவிட்டு வந்தார். கட்டிலில் பெட்ஷீட்டை ஒரு உதறு உதறினார். அது சுருக்கம் இல்லாமல் வந்து படிந்தது. மூலையைச் சாய்வாக மடித்து மெத்தைக்கு அடியில் செருகினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பாய், அந்த 1401 என்ன கணக்கு?" என்றேன். சும்மா இருக்க முடியுமா என்னால்?

"அங்க பதினாலாவது மாடி என்னோட மாடிங்க மேடம். லிஃப்ட்ல இருந்து வெளிய வந்தா முதல் ரூம் 1401. இருபத்திரண்டு வருஷம் அந்த நம்பர்களைப் பார்த்தே பழகிடுச்சு. வேற நம்பர் போட மனசு வரல."

"மாடிக்கே இன்சார்ஜா?"

அவர் தலையணையைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "ரூம் பாய்ங்க. கட்டில் விரிக்கிறது, பாத்ரூம் கழுவுறது. ஊருக்கு வர்றப்ப மட்டும் மேனேஜர்." சிரித்தார். உடனே சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னிக்குப் பதினோரு மணிக்குக் காட்டூர்ல இருந்து மகளைப் பார்க்க வர்றாங்க மேடம். நல்ல எடம். புரோக்கர் அவங்ககிட்ட துபாய்ல மேனேஜரா இருந்தேன்னு சொல்லி வச்சிருக்காரு. நானும் மறுத்துச் சொல்லல. இதுக்கு முன்னாடி ரெண்டு எடம் தட்டிப் போச்சு... அந்த ரெண்டு வீட்லயும் உண்மையைத்தான் சொன்னேன்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் இதில் அவரை மட்டும் என்ன சொல்ல? நம்மில் யார் ஒரு படி ஏற்றிச் சொல்லாமல் கல்யாணம் பண்ணியிருக்கிறோம்? என் கணவரை எங்கள் வீட்டில் 'பேங்க் ஆபீசர்' என்றுதான் சொன்னார்கள். தாலி ஏறி ஒரு மாதம் கழித்துத்தான் கிளார்க் என்று தெரிந்தது. ஆபீசர் ஆவதற்குப் பதினோரு வருஷம் எடுத்துக்கொண்டார் மனிதர்.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. மாப்பிள்ளை பெங்களூரில் வேலையாம், வரவில்லை. அவருடைய அப்பாவும் அம்மாவும் மட்டும் வந்து முன் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். பாயின் மகள் ரிஸ்வானா, பி.ஃபார்ம் படித்த பெண், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வந்து சலாம் சொல்லிவிட்டு ரோஸ் மில்க் கொடுத்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. எங்கள் அறை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் படபடப்பாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா, ஓட்டலைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று எழுந்து வந்தார். பின்னாலேயே பாயும் வந்தார். நான் 1401 வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் பக்கத்தில் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தங்கியிருக்கீங்களா? எப்படிங்க இருக்கு?" என்று என்னைக் கேட்டார் அந்த அம்மா.

இங்கேதான் எனக்குள் இருந்த சமூக சேவகி விழித்துக்கொண்டாள். இந்தச் சம்பந்தம் அமைய நம்மால் ஆனதைச் செய்வோம் என்று ஆரம்பித்தேன். சுத்தம் என்றால் இதுதான் சுத்தம் என்றேன். இந்த மாதிரி ரூமை ஸ்டார் ஓட்டலில்கூட நான் பார்த்ததில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாமே? இல்லையே!

"பெட்ஷீட் விரிச்சிருக்கிற அழகைப் பாருங்க. பின்ன சும்மாவா? துபாய்ல இருபத்திரண்டு வருஷம் கட்டில் விரிச்ச கையாச்சே!"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

பாயின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ரோஸ் மில்க் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போன ரிஸ்வானா அப்படியே நின்றுவிட்டாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை இப்படிப் போட்டு உடைத்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். கணவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன்.

பாய்தான் பேசினார். "மேடம் சொல்றது நெசம்தாங்க. நான் மேனேஜர் இல்ல. ரூம் பாய். கட்டில் விரிச்சேன், பாத்ரூம் கழுவினேன். புரோக்கர் சொன்னப்பவே நான் இல்லைன்னு சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது. பிள்ளைக்கு இதுல சம்பந்தமில்லைங்க."

"அத்தா, நீங்க ஏன் தலையைக் குனியிறீங்க?" என்றாள் ரிஸ்வானா. சத்தமாக இல்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அந்த அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். நேரே என் அறைக்குள் போனார். கட்டிலருகே நின்றார். பெட்ஷீட் மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், புடவைக் கடையில் ஜரிகையை இழுத்துப் பார்ப்பதுபோல. அது அசையவில்லை. பாத்ரூம் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். வெளியே வந்தார்.

"அண்ணே, அந்த புரோக்கர் எங்க பையன் எவ்வளவு ஒசரம்னு உங்ககிட்ட சொன்னாரு?"

பாய் திருதிருவென்று விழித்தார். "ஆறடின்னு..."

"அஞ்சு ஆறு. செருப்போட."

ரிஸ்வானா சிரித்துவிட்டாள். அத்தாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒசரத்தைப் பத்தி நானும் வாயைத் திறக்கலையே! ரெண்டு வீட்டுத் தப்பும் சரியாப் போச்சு. இன்னொண்ணும் இப்பவே சொல்லிடறேன் அண்ணே, அப்புறம் குறை சொல்லக் கூடாது. இருபத்தெட்டு வயசாகுது, எந்திரிச்ச படுக்கையை மடிக்கத் தெரியாது எங்க பையனுக்கு. நிக்காஹ்வுக்கு முன்னாடி ஒரு வாரம் இங்க அனுப்பி வைக்கிறேன். இந்த மூலையை மடிக்கிற வித்தையை அவனுக்குக் கத்துக்கொடுத்திடுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். வாசலில் கிடந்த இன்னொரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்தால் கூடவே வாயும் வந்துவிடும் அல்லவா?

"ஏன் பாய், அந்த ஒரு வாரப் பயிற்சி மாப்பிள்ளைக்கு மட்டும்தானா? இல்ல, கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனவங்களையும் சேர்த்துப்பீங்களா?"

என் கணவர் கார் சாவியை எடுக்கப் போய்விட்டார்.