அதே கரண்டு

அப்பாவின் தொண்டைக்குக் கரண்டு வைக்கத் தொடங்கி நாலாவது வாரம் அது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படிப்பது நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். போதாததற்கு, நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய்ச் செல்களுக்குத்தான் கதிர்வீச்சு கொடுக்கிறோம். அந்தப் பெருமையில் முதல் நாளே, "எல்லாம் செத்துடும்ப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அன்று காலை நான் ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்ததுமே அம்மா போன் செய்தாள். அப்பாவோடு கரண்டு வைத்துக்கொள்ளும் நெல்லித்தோப்புக்காரர் ஒருவர், கட்டி கரைந்துவிட்டதென்று முந்தின நாள் எல்லாருக்கும் லட்டு கொடுத்தாராம். "அதே வியாதி, அதே மெஷினு. எனக்கும் போயிருக்கும்" என்று சொல்லி, அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு மீன் ஏலம் கூறப் போய்விட்டாராம்.

அங்கே ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் அவர் குரல் கேட்டது. கரகரத்தாலும் உரக்கத்தான் இருந்தது.

"பெரிசுக்குக் கரண்டு வச்சதுல மைக்கே தேவயில்ல!" என்றார் ஒரு வியாபாரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

முந்தின மாலை ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்த புற்றுநோய்ச் செல் தட்டு அப்படி. ஒரே செல்லிலிருந்து பெருகியவை, ஒரே அளவு கதிர். பெரும்பாலானவை செத்திருந்தன. சில மட்டும் உயிரோடு இருந்தன. அவற்றுக்கென்று தனிச் சிறப்பு எதுவும் கிடையாது. கதிர் பட்ட அந்த நேரத்தில், பழுது பார்க்கும் புரதம் அவற்றுக்குள் தற்செயலாகக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் கழுத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

"ஒரே மாதிரி செல்லுக்கே ஒரே மாதிரி நடக்கலப்பா. இன்னிக்குத் தப்பிச்சது நாளைக்கு மாட்டலாம். அதுக்கும் சேத்துதான் தெனம் தெனம் வைக்கிறாங்க. நடுவுல வுட்டா, தப்பிச்சது வளரும்."

"எல்லாம் செத்துடும்னு நீதான சொன்ன?"

"தப்பா சொல்லிட்டேன்."

"முழுசா வச்சா செத்துடுமா?"

"தெரியலப்பா."

எங்கள் வீட்டு ஆளிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இம்மாம் படிச்சுமா?" என்றார். அதில் கேலி இல்லை. பிறகு, "மணி இன்னா?"

"ஒம்போது. பத்துக்கு நம்ம முறை."

கையைக் கழுவிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். சிக்னலில் நின்றபோது குனிந்து சொன்னார்:

"தெரியலன்னு அம்மாகிட்ட சொல்லாத."