நாகஜோதி காட்டாத திமிங்கலம்

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் கொஞ்சம் நடந்தால் நாகஜோதியின் வீடு. அந்த ஊரில் ஆடு குட்டி போட்டால் ஒரு வழக்கம் உண்டு. குட்டியின் தொப்புள்கொடி காய்ந்து விழும்வரை தாயையும் குட்டியையும் யாரும் கை நீட்டிக் காட்டக்கூடாது. வேற்றாள் யாராவது வந்தால் குட்டியின் மேல் கூடையைக் கவிழ்த்துவிடுவார்கள். வந்தவர் விடாமல், "ஆடு குட்டி போட்டிருச்சு போல?" என்று நோட்டம் விட்டால், வீட்டுக்காரர் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "மேக்க நல்ல மழையாம்ல?" என்பார். வானத்தில் மேகம் பேருக்குக்கூட இருக்காது. வந்தவர் இந்தப் பக்கத்து ஆள் என்றால் அவருக்குப் புரிந்துவிடும். "ஆமாமா, சரியான மழையாம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

நாகஜோதி இந்த வழக்கத்தோடுதான் மொரீஷியஸ் தீவுக்குப் போனாள்.

போனதற்குப் பெரிய கதை ஒன்றுமில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். மில்லை மூடினார்கள். மதுரையில் ஒருவர், தீவில் ஒரு ஓட்டலுக்குத் துப்புரவு வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்றார். அவளுடைய வீட்டுக்காரன் சோலை, ஆடு மேய்க்கிறவன். "எனக்கு ஆட்ட விட்டா வேற தெரியாது. உனக்குப் போகணும்னு தோணுனாப் போயிட்டு வா புள்ள" என்றான். ஊர் அதை அவ்வளவு எளிதாக விடவில்லை. டீக்கடையில் மாதவன் தினமும் ஒரு தடவையாவது சோலையைக் குத்திப் பார்ப்பான்.

"ஏலே சோலை, நீ இங்க ஆடு மேய்க்கிற. ஒம் பொண்டாட்டி அங்க என்னத்த மேய்க்கிறா?"

"திமிங்கலம்."

"திமிங்கலமா?"

"ஆமா. காலைல பத்திட்டுப் போயி மத்தியானம் திருப்பிக் கொண்டாந்து அடைக்கிறா. போதுமா?"

சோலை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாதி உண்மை.

ஓட்டலுக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தது. வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு விடிந்ததும் கடலுக்குள் போய்த் திமிங்கலம் காட்டித் திரும்பும். படகின் கீழ்த்தட்டில் துப்புரவுக்கு ஒரு ஆள் வேண்டும். போன பெண்கள் எல்லாரும் குடல் புரண்டு, பயணிகளுக்கு வைத்திருந்த வாளியைத் தாங்களே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கம்மாயைத் தாண்டித் தண்ணீரைப் பார்த்திராத நாகஜோதிக்கு ஒன்றும் செய்யவில்லை. அதனால் அந்த வேலை அவளிடம் வந்தது. கக்கூஸ் கழுவ வேண்டும், வாந்தி எடுப்பவர்களுக்கு வாளி பிடிக்க வேண்டும், தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

படகின் எஞ்சின்காரன் முகமது ஆசிக், நரிக்குடிப் பக்கத்து வீரசோழன் ஊர்க்காரன். கல்ஃபில் இருந்துவிட்டு இங்கே வந்தவன். முதல் நாள் அவள் பேசியதைக் கேட்டதும் எஞ்சின் கிடங்கிலிருந்து கிரீஸ் அப்பிய தலை ஒன்று மேலே வந்தது.

"அக்கா, எந்த ஊருக்கா? நம்ம பக்கம் மாதிரித் தெரியுது?"

"திருச்சுழிப் பக்கம்."

"யா அல்லா! இந்தக் கடலுக்குள்ள வந்து திருச்சுழியா?"

படகின் உச்சியில், ஒரு கம்பி ஏணி ஏறிப் போனால், ஒற்றை இருக்கை ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்திருப்பவரின் வேலை, தூரத்தில் திமிங்கலம் மூச்சு விடும் நீர்ப்புகையைக் கண்டுபிடித்துக் கை நீட்டிக் காட்டுவது. திசை சொல்வதற்குப் படகின் மூக்குதான் பன்னிரண்டு மணி. இடது பக்கம் ஒன்பது, வலது பக்கம் மூன்று. ஒருநாள் அந்த இருக்கைக்காரன் வரவில்லை. கீழே வாளியோடு நின்ற நாகஜோதி தன்னை மறந்து, "அந்தா!" என்று கத்திக் கை நீட்டினாள். படகு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. வெகுதூரத்தில், சோளக் கதிரைக் குத்தி நிறுத்தினாற்போல ஒரு வெள்ளைப் புகை.

மறுநாளிலிருந்து மேலே அவள் இருந்தாள். அந்த இருக்கை அவளுக்குப் பிடித்துப்போனது. கம்மாய்க்கரையில் நின்றால் ஊர் முழுவதும் காலடியில் கிடப்பது போல அங்கிருந்து கடல் கிடந்தது. அவளுடைய 'அந்தா' படகு முழுக்கப் பரவியது. பிரெஞ்சுக்காரக் கிழவிகளும் ஜெர்மன்காரக் குழந்தைகளும் "அந்தா, அந்தா" என்று கத்தினார்கள். கேப்டன் அந்தச் சொல்லைப் படகின் விலாவில் எழுதியே வைத்துவிட்டார்.

கேப்டன் ஆர்மூகத்தின் பாட்டன்மார் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார். 'அரோகரா' ஒன்றுதான் அவரிடம் மிச்சமிருந்த தமிழ். மற்றதெல்லாம் தீவின் கிரியோல் பேச்சு. அவர் சொல்வதை ஆசிக் இவளுக்குத் தமிழில் சொல்வான், இவள் சொல்வதை அவருக்குக் கிரியோலில் சொல்வான்.

ஊரில் ஆடிக்காற்று மண்ணை அள்ளி வீசுகிற மாதத்தில், அந்தத் தீவுக்குத் திமிங்கலங்கள் குட்டி போட வருகின்றன. அது நாகஜோதிக்கு முதலில் தெரியாது. வேறொரு படகு ஒரு தாயையும் குட்டியையும் கண்டுபிடித்து ரேடியோவில் சொல்ல, எல்லாத் திசையிலிருந்தும் படகுகள் ஓடிவந்து வளைத்துக்கொண்டதை மேலிருந்து பார்த்தாள். குட்டி, தாயின் வயிற்றுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. தாய் ஒரு பக்கம் திரும்பும், அங்கே ஒரு படகு. மறுபக்கம் திரும்பும், அங்கேயும் ஒரு படகு. ஆட்கள் எல்லாரும் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாகஜோதி நீட்டிய தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம், ஒன்றுமே சிக்காத ஒரு காலையில், பத்து மணித் திசையில் ஒரு பெரிய புகை எழுந்தது. அதை ஒட்டினாற்போல இன்னொன்று, சின்னதாக, பீடிப்புகை போல. நாகஜோதி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. புகையைக் கண்டதும் அவள் எழுந்து நின்றதையும் அப்படியே உட்கார்ந்ததையும் கேப்டன் பார்த்துவிட்டார். படகைத் திருப்புவதற்குள் இரண்டும் முங்கிவிட்டன. பயணிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கரைக்குத் திரும்பினார்கள்.

கரையில் கேப்டன் கேட்டார். ஆசிக் நடுவில் நின்றான்.

"ஏன் சொல்லலன்னு கேக்குறாருக்கா."

"பாத்தேன், சொல்லலன்னு சொல்லு."

"அப்படியேவா?"

"அப்படியே சொல்லு. குட்டியும் தாயுமா இருந்துச்சு. காட்ட மாட்டேன்."

"அக்கா, அது ஆட்டுக்குக்கா. இது மீனு."

"பால் குடுக்குதுல்ல?"

ஆசிக் தலையைச் சொறிந்தான். கேப்டனிடம் நீளமாக ஏதோ சொன்னான். கேப்டனின் முகம் இளகியது. அவள் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நம்மூர் ரத்தம், சொன்னால் விளங்கிக்கொள்கிறார் என்று நாகஜோதி நினைத்தாள்.

மறுநாள் காலையில் மேல் இருக்கையில் ஒரு கறுப்புக் கண்ணாடியும், பக்கத்தில் சின்னக் குப்பியில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தும் இருந்தன. அவள் ஏணியில் நின்றபடி ஆசிக்கைக் கூப்பிட்டாள்.

"என்னடா சொன்ன நேத்து அவருட்ட?"

"வெயில்ல கண்ணு கூசிருச்சு, சரியாத் தெரியலன்னு சொன்னேன்க்கா. விட்டுரு அக்கா. அவரும் நம்பிட்டாரு. ஒம் எடமும் ஒனக்கு இருக்கு."

"எங் கண்ணுக்கு என்ன கேடு? மூணு மைலுக்கு அப்பால கெடாயா பெட்டையான்னு சொல்ற கண்ணுடா இது."

"கண்ணுல கோளாறுன்னா மருந்து. திமிருன்னா வாளி. யோசிச்சுக்கக்கா."

அவள் யோசித்தாள். கீழ்த்தட்டின் வாடை ஏணிவரைக்கும் வந்தது. பிறகு அடுப்படியில் இருந்த சமையல்காரியிடம் போய் இரண்டு வாக்கியங்களைக் கிரியோலில் எப்படிச் சொல்வது என்று கையைக் காலை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே மேலே வந்து, கண்ணாடியையும் மருந்தையும் கேப்டன் படகைத் திருப்பும் சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள். பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி, தப்பும் தவறுமான கிரியோலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

நான் பார்த்தேன். நான் சொல்ல மாட்டேன்.

கேப்டன் மருந்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உலகத்தின் மறுகோடியிலிருந்து இவர்கள் இதைப் பார்க்கத்தானே வருகிறார்கள் என்று கேட்டார். ஆசிக் இந்த முறை கலக்காமல் சொன்னான்.

"பெருசப் பாக்கட்டும். தனியாப் போறதப் பாக்கட்டும். தொண்டை கிழியக் கத்துறேன். பெத்தவளக் காட்ட மாட்டேன்."

கேப்டன் கீழ்த்தட்டைச் சுட்டிக் காட்டினார்.

அன்று மத்தியானம் போனில் சோலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அவன் பக்கத்தில் ஆடு ஒன்று செருமுவது கேட்டது.

"நீ செஞ்சது சரிதான் புள்ள. ஆனா இங்க யார்ட்டயும் சொல்லிக்காத. மாதவன் வருசம் பூராச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். அவன் ஆடு குட்டி போடும்போது நான் மைக்செட் கட்டிக் காட்டுறேன்."

வாளியோடு நாள்கள் போயின. மேலே கேப்டனின் சொந்தக்காரன் உட்கார்ந்திருந்தான். தனித் திமிங்கலம் கண்ணில் பட்டால் நாகஜோதிக்கு அடக்க முடியாது. ஒரு கையில் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் நெற்றி, இன்னொரு கையில் வாளி, "அந்தா!" என்று தாடையால் காட்டுவாள். குட்டியும் தாயும் தென்பட்டால் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். கண் பார்த்தால் வாய் உளறிவிடும் என்று அவளுக்குப் பயம்.

திடீரென்று ஒருநாள் கேப்டன் அவளை மேலே போகச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்று நாகஜோதி ஏணியில் இரண்டிரண்டு படியாக ஏறினாள். அன்றைக்கே ஒரு குட்டியும் தாயும் வந்தன. முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். படகு சரியாக அவற்றை நோக்கிப் போனது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே போல. கீழே கைதட்டலும் கூச்சலும். எப்படி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆசிக் ஏணி அருகில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, நீ எந்தப் பக்கம் முதுகக் காட்டுறியோ அந்தப் பக்கம் அவரு படகத் திருப்புறாரு. அதுக்குத்தான் ஒன்ன மேல ஏத்தியிருக்கு. ஒன் முதுகே கை நீட்டுதுக்கா."

நாகஜோதிக்குச் செவிட்டில் அறைந்தாற்போல இருந்தது. இருக்கை கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்ட தன் கால்களை நினைத்தபோது அவமானமாக இருந்தது. ஆசிக், "கீழ வந்துரு அக்கா, பேசாம வாளியப் பிடி" என்றான்.

"நான் எதுக்குடா எறங்கணும்? காட்ட மாட்டேன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லியாச்சு. நான் எங்க பாத்துக்கிட்டு உக்காந்தா அவருக்கென்ன?"

சீசன் முடியப் போகிற ஒரு காலை. ஊரில் ஐப்பசி பிறந்துவிட்டது. அன்றும் படகு நிறைய ஆட்கள். கடல் எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடந்தது. இரண்டு மணித் திசையில், தூரத்தில், பெரிய புகை ஒன்று. அதை ஒட்டிப் பீடிப்புகை.

கீழே சக்கரத்தைப் பிடித்திருந்த கேப்டன் மேலே அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று அவர் கை சக்கரத்தில் காத்திருந்தது. நாகஜோதி திரும்பவில்லை. கண்ணை மூடவும் இல்லை. இரண்டு மணிப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, தாயையும் குட்டியையும் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு, கூடை கவிழ்த்த வீட்டுக்காரி போலச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஏ தம்பி ஆசிக்கு!"

"என்னக்கா?"

"ஊர்ல நல்ல மழையாம்ல?"

எஞ்சின் கிடங்கிலிருந்து தலை வெளியே வந்தது. முந்தின நாள்தான் சோலை போனில், ஒரு பொட்டு இறங்கவில்லை, ஆட்டுக்குத் தண்ணி லாரிக்கு நிற்கிறேன் என்று புலம்பியிருந்தான். அது ஆசிக்குக்கும் தெரியும். அவன் அவளைப் பார்த்தான். அவள் பார்க்கும் திசையைப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான். கையைத் துணியில் துடைத்தான்.

"ஆமாக்கா. வீரசோழன்ல தெருவே தெரியலையாம். எங்க மீரான் பீவி பெரியம்மா வாசல்ல மீன் பிடிக்குதாம்."

"நரிக்குடிக் கம்மா?"

"நெறஞ்சு மறுகா பாயுதுக்கா. ரெண்டு பஸ்ஸு நின்னுபோச்சு."

"திருச்சுழி ரோட்டுல?"

"பரிசல் விட்டுருக்காக."

படகு நேராகப் போய்க்கொண்டிருந்தது. பயணிகள் ஒன்பது மணிப் பக்கம் கைப்பிடியில் சாய்ந்து வெறுங்கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாய் ஒரு தடவை வாலைத் தூக்கியது. குட்டி தூக்கப் பார்த்து, முடியாமல், பொத்தென்று தண்ணீரில் விழுந்தது. நாகஜோதியின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

கேப்டனுக்குச் சந்தேகம். இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஆசிக்கிடம் கேட்டார். ஆசிக் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"மழை."

கேப்டன் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே வானம், ஒரு மேகமும் இல்லாமல், திருச்சுழி வானம் போலவே பளிச்சென்று இருந்தது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு மழையைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு மணிப் பக்கம் இரண்டு புகைகளும் கலைந்துபோயின.