பார்த்து அனுப்பியது

பெருமாநல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசரான திருமூர்த்திக்கும் மனசாட்சி உண்டு. முதலாளி இருமினால் அது எழுந்து நின்று கும்பிடும். ஆளுங்கட்சிக்காரரான அந்த முதலாளி, எதிர்க்கட்சிச் சின்னம் போட்ட பனியன்களை ரகசியமாகத் தைக்கச் சொன்னபோதே அவனுக்குப் புரிந்துவிட்டது. அடியாட்களுக்கு மாட்டிவிட்டுக் கலவரம் நடத்தப் போகிறார்கள். பழி எதிர்க்கட்சியின் தலையில் விழும். போலீசில் சொல்லத்தான் கிளம்பினான். ஸ்டேஷனுக்கு எதிரே டீ குடித்தான். டீ நன்றாக இருந்தது, திரும்பி வந்துவிட்டான். அன்று சோறு இறங்கவில்லை என்பதையே பெரிய தியாகமாக நினைத்துக்கொண்டான்.

போன வாரம் டிவியில் அந்தப் பனியன்காரர்கள் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். கருகிய கண்டக்டரை ஜனங்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"படுபாவிக, இந்தக் கட்சிக்காரனுகளுக்கு ஈரமே இல்லீங்க," என்றாள் மனைவி கோகிலா. "போட்டிருக்கிற பனியனப் பாருங்க, கழுத்தெல்லாம் கோணலு."

கண்டக்டருக்குத் துடிக்காத திருமூர்த்தி இதற்குத் துடித்துப்போனான்.

"கோணலா? ஒவ்வொரு பீஸையும் நாந்தான் பாத்து அனுப்புனேன் புள்ள!"

கோகிலா டிவியை அணைத்தாள்.

"பாத்துட்டுத்தான் அனுப்புனீங்களா?"