திரேசா அன்ரியின் கதவைத் தட்ட 870 கிலோமீற்றர்

ஒக்ரோபர் நீண்ட வார இறுதியில் செவன் ஹில்ஸிலிருந்து மெல்பேர்னுக்குக் காரில் போய் வந்தோம். இம்முறை படங்கள் இல்லை. எடுக்கிற மனநிலையில் நான் இருக்கவில்லை. ஆனாலும் இந்த வழியில் முதன்முறை போகிறவர்கள் நேரமும் செலவும் கேட்டு எழுதுவதால் எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்து வைத்தேன். நடுவில் எங்கள் வீட்டு விஷயமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் கஜன் ஒரு காலத்தில் மார்மன் என்கிற கிறிஸ்தவ சபையின் மிஷனரி. இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். நான் பகிடி விடவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பன்னிரண்டு வயதில் தாயோடு அகதியாக சிட்னிக்கு வந்தவர் அவர். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்த இரண்டு பெடியள் ஒருநாள் கதவைத் தட்டினார்கள். மூன்றாம் மாடிக்குக் குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்கள், பிறகு வாராவாரம் வந்து இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்தார்கள். பதினேழு வயதில் இவர் அந்தச் சபையில் சேர்ந்தார். இருபதில் இவரையே மெல்பேர்னுக்கு அனுப்பினார்கள், இரண்டு வருடம், சோடி சோடியாகக் கதவு தட்ட. பதினொரு வருடத்துக்கு முன், எங்கள் கலியாணப் பேச்சு வருவதற்கும் முன்பே, அங்கே போவதை நிறுத்திவிட்டார். யாரோடும் சண்டையில்லை, சும்மா போகாமல் விட்டதுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் மேய்ஸ் ஹில் முருகனிடம் போகிற எனக்கு அது போதுமாயிருந்தது.

இப்படியிருக்க, ஓகஸ்டில் அவருக்கு ஒரு செய்தி வந்தது. அந்தக் காலத்தில் மெல்பேர்னில் ஒன்றாகச் சேவை செய்தவர்கள் குடும்பத்தோடு ஒரு பூங்காவில் கூடுகிறார்களாம். உடனே "போவம்" என்றார். திரும்பப் போய்ச் சேர்ந்துவிடுவாரோ? வாய் திறந்து கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அப்படியானால் மெல்பேர்னில் எங்கள் ஆட்கள் போகிற கேரம் டவுன்ஸ் இந்துக் கோயிலுக்கும் போகவேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டு உடுப்பு அடுக்கினேன்.

வெள்ளி காலை 5.10க்குப் புறப்பட்டோம். 7.15க்கு கோல்பேர்ன், சுமார் 190 கிலோமீற்றர். அங்கே பெற்றோல் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி 5 டாலர் 50. கஜன் வேண்டாம் என்றார். சூடான சொக்லேட் எடுத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், மார்மன்கள் தேத்தண்ணியும் கோப்பியும் தொடமாட்டார்கள். இந்த மனுசன் வீட்டில் ஒரு நாளைக்கு நாலு கோப்பை குடிக்கிறவர்! நான் என் கோப்பையை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் காரில் ஏறினேன். அடுத்த 180 கிலோமீற்றருக்கு இரண்டு பக்கமும் பச்சைப்பசேல் என்று மேய்ச்சல் நிலம், நல்ல வெயில், ஒன்றையும் நான் ரசிக்கவில்லை.

9.25க்கு கண்டகாயில் நிறுத்தினோம். கழிப்பறை துப்புரவாக இருக்கும், இலவசம். காரில் திரும்ப ஏறியதும் கேட்டுவிட்டேன்.

"இஞ்சருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. திரும்பச் சேரப் போறியளோ?"

"விசரே உமக்கு?" என்றார். பிறகு இயந்திரத்தை நிறுத்தினார். "வயிறு சரியில்லை, அதுதான் தேத்தண்ணி வேண்டாமெண்டனான். மூண்டு நாளா நித்திரையும் இல்லை. அங்க ஒராளிட்ட நான் மன்னிப்புக் கேக்கவேணும்."

அந்தக் கார்த் தரிப்பிடத்தில்தான் திரேசா அன்ரியைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். மன்னார்க் கத்தோலிக்கர், நோபிள் பார்க்கில் தனியாக இருந்தவர். தமிழ் பேசுகிற பெடியன் என்று கஜனையும் அவரோடு சோடியாகக் கதவு தட்டிய மற்றப் பெடியனையும் ஒவ்வொரு வியாழனும் கூப்பிட்டுச் சோறும் மீன்குழம்பும் கொடுப்பாராம். மதம் மாறுகிற எண்ணம் துளியும் இல்லை. "உங்கட சபைக்கு நான் வரமாட்டன், சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்வாராம். அவருடைய ஒரே மகன் ஜூட் பதினேழு வயதில், சண்டைக் காலத்தில், பட்டணத்துக்குப் போய் வாறன் என்று போனவர் வரவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மகனுடைய முழுப்பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லி எழுதவைப்பது அன்ரியின் வழக்கம். நாலு இடத்தில் விசாரிக்கச் சொல்லித்தான்.

கஜனும் தன் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு செய்ததுதான் வினை. அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருக்கிறது. தங்கள் ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்காக, உயிரோடு இருக்கும் ஒருவர் அவர்களுடைய பெயரில் தண்ணீரில் மூழ்கி எழுவார். இறந்தவருக்கு மோட்சத்தின் கதவைத் திறந்துவிடுகிற நல்ல காரியம் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த இருபது வயதுப் புண்ணியவான், அன்ரி தேடக் கொடுத்த பெயரை, அந்த இறந்தவர்களின் பட்டியலுக்குக் கொடுத்துவிட்டார். சொந்தமில்லாதவரின் பெயரை அப்படிக் கொடுக்கக்கூடாது என்பதுகூட அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

"அடுத்த வியாழன் சாப்பிடேக்க சந்தோஷமாச் சொன்னன், ஜூட் அண்ணைக்கு எல்லாம் செய்து முடிச்சிட்டம் எண்டு. என்னத்தை எண்டு கேட்டா. விளங்கப்படுத்தினன். கறிச்சட்டியை மூடினா. எழும்புங்கோ எண்டா. அவ்வளவுதான்."

ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஆட்களை இடம் மாற்றுவார்களாம். அடுத்த மாற்றத்தில் இவரை வேறு பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு வருடமாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை, என்னிடமும்தான்.

என் பழைய பயம் போய், அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அன்ரி உயிரோடு இருக்கிறாரா? இருந்தால், கதவடியில் நின்று அழுவாரா, ஏசுவாரா? "பழைய புண்ணைக் கிளறாதேங்கோ, கடிதம் ஒண்டு எழுதலாமே" என்றேன். அவர் காரை எடுத்தார். 11.30 ஆல்பரி, 1.20 யூரோவா. இரண்டு இடத்திலும் கட்டிக்கொண்டு போன இடியப்பம் அப்படியே இருந்தது. 3.50க்கு டண்டினோங் மோட்டலில் இறங்கியபோது ஓடிய தூரம் 872 கிலோமீற்றர். அறை ஓர் இரவுக்கு 145 டாலர், சுத்தம், ஆனால் சுவர் மெல்லிசு.

சனி காலை கேரம் டவுன்ஸ், மோட்டலிலிருந்து இருபது நிமிடம். எட்டரைக்கே போய்விட்டால் வாகனம் விட இடம் கிடைக்கும். கஜனுக்குமாக அர்ச்சனைச் சீட்டு எடுத்து, இன்னும் யாருடைய பெயருக்காவது செய்ய வேண்டுமா என்று கேட்டேன். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். "இனி ஒருத்தற்ற பேரையும் நான் ஒரு இடத்திலையும் குடுக்கமாட்டன்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது.

பன்னிரண்டு மணிக்குப் பூங்கா. நாற்பது பேர் இருந்திருப்பார்கள், பிள்ளைகளோடு. நான் நினைத்து நடுங்கியதுபோல் ஒருவரும் பிரசங்கம் செய்யவில்லை. நாய் துரத்தியதும், மழையில் சைக்கிள் சறுக்கியதும், ஒரு கிழவர் தண்ணீர்க் குழாயைத் திருப்பி அடித்ததும்தான் கதை. இரண்டு வருடமும் ஒருவரை ஒருவர் குடும்பப் பெயரால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், சோடியைக் கண்பார்வையில் இருந்து விடவும் கூடாதாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கஜனின் நெஞ்சில் ஒட்டிய சீட்டில் "எல்டர் சிவஞானம்" என்றிருந்தது. எல்டர் என்பது மிஷனரிப் பெடியளுக்கு வைக்கிற பட்டம், சிவஞானம் என் மாமனாரின் பெயர். மனுசன் உயிரோடு இருந்திருந்தால் மாரடைப்பு வந்திருக்கும்.

அந்த வியாழக்கிழமைச் சாப்பாட்டில் கூட இருந்த சோடி, ஃபோனுவா என்ற டொங்கா நாட்டவர், நியூசிலாந்திலிருந்து வந்திருந்தார். இப்போதும் சபையில் இருக்கிறார், பஸ் ஓட்டுகிறார். கதவை அடைக்கிற உடம்பு, குழந்தைச் சிரிப்பு. "அந்த மீன்குழம்பு அம்மா! ஏன் நாங்கள் பிறகு அங்கே போகவேயில்லை?" என்று இங்கிலீஷில் கேட்டார். தமிழ் தெரியாததால் அன்று நடந்தது அவருக்கு விளங்கியிருக்கவில்லை. நாங்கள் அங்கேதான் போகிறோம் என்றதும் தானும் வருவதாகச் சொல்லி ஏறிக்கொண்டார். காரில் கஜன் எல்லாவற்றையும் சொன்னார். இறங்குவதற்கு முன் ஃபோனுவா தன் சட்டையில் இருந்த பெயர்ச் சீட்டைக் கழற்றினார்.

3.10. நோபிள் பார்க்கில் அதே பழைய வீடு. கம்பி வலைக் கதவு, உள்ளே வானொலிச் சத்தம். மூன்று பேரில் யாருக்கும் மணியை அழுத்தக் கை வரவில்லை. கடைசியில் நான்தான் அழுத்தினேன்.

"ஆரது?"

"அன்ரி, நான் சிவஞானம். முந்தி வியாழக்கிழமையில..."

"தெரியும்." எண்பதை நெருங்கும் சின்ன உருவம், வலைக்குப் பின்னால். "உம்மோட வாற அந்த மொத்தமான பெடியனும் வந்திருக்கிறான். இதார், மனுசியோ?"

நான் தலையாட்டினேன். கதவு திறக்கவில்லை. கஜன் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம் வரவேயில்லை. "அன்ரி, நான் பெரிய பிழை விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

அன்ரி அவரை நன்றாகப் பார்த்தார். "எனக்கு உம்மில கோவம் இல்லை, தம்பி. பயம். நீர் எழுதினது சும்மா ஆரிட்டையும் இல்லை, ஆண்டவரிட்டைக் குடுக்கிற கடதாசியில. அவர் அதைப் பாத்திட்டு நம்பிட்டாரெண்டால்? இவன் வந்து சேந்திட்டான், இனித் தேடத் தேவையில்லை எண்டு விட்டாரெண்டால்?"

ஃபோனுவாவுக்குக் கஜன் மொழிபெயர்த்தார், பாதியில் நின்று நின்று.

"நவம்பரில எங்கட வேதக்கோயில்ல செத்தவையின்ர பேர் எழுதிப்போட ஒரு பெட்டி வைப்பினம். அதுக்குக் கிட்டவும் நான் போறேல்ல. பதினெட்டு வருஷம். மன்னிப்பு எனக்கு வேண்டாம். அவன்ர பேரை எடும்."

பிறகுதான் கதவைத் திறந்தார். குசினியில் கதிரை இழுத்துப் போட்டு, பிஸ்கற்றும் மூன்று கோப்பை தேத்தண்ணியும் வைத்தார். ஃபோனுவாவின் கோப்பையை அவரே நினைவு வந்து எடுத்துவிட்டுப் பால் ஊற்றிக் கொடுத்தார். பெயரை எடுக்க முடியுமா என்று ஃபோனுவாவுக்கும் நிச்சயமில்லை. கொடுத்தவர்தான் நேரே போய்க் கேட்கவேண்டும் என்று தனக்குத் தோன்றுவதாக மட்டும் சொன்னார். அன்ரி உடனே கஜனிடம் பேனை எடுக்கச் சொன்னார். மகனுடைய முழுப்பெயர், பிறந்த திகதி, ஊர், எல்லாவற்றையும் மறுபடி எழுதவைத்தார்.

ஞாயிறு திரும்பினோம். இந்த நீண்ட வார இறுதியில் போகிறவர்கள் கவனிக்க: ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே போய்விடும். காலை ஏழுக்குப் புறப்பட நினைத்தால் உடம்புக்கு அது ஆறு மணி. நியூ சவுத் வேல்ஸ் பக்கம் வேகமாக ஓடினால் ஓட்டுநர் உரிமத்தில் இரட்டைப் புள்ளி வெட்டுவார்கள், ஆல்பரி தாண்டியதும் பெடலில் வைத்த காலைத் தளர்த்துங்கள். பெற்றோல் போக 121, வர 126 டாலர். இரண்டு நகரத்திலும் கட்டணச் சாலைகள் சேர்த்து, போக வர 34. ஒரே ஆள் ஓட்டுவதாக இருந்தால் ஆல்பரியில் ஓர் இரவு தங்குவது புத்தி. யாரிடமாவது மன்னிப்புக் கேட்கத்தான் போகிறீர்கள் என்றால், மனம் இலேசாகி வரும் என்று நம்பிப் போகாதீர்கள். எங்களுக்கு வேலைதான் கிடைத்தது.

கஜன் செவ்வாயன்று சபைக்கு மின்னஞ்சல் எழுதினார். பதில் இன்னும் வரவில்லை. நாளை ஞாயிறு, பத்து மணிக்கு வழிபாட்டுக்கே நேரே போய்க் கேட்கப் போகிறார். நானும் போகிறேன். அங்கே அவரை அன்பாகக் கட்டிப்பிடித்து வரவேற்பார்கள், எனக்குத் தெரியும், அதை நினைத்தால் இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொண்டுபோகிற கடிதத்தை நான்தான் தட்டெழுதினேன். இறந்தவர் என்ற சொல் இருக்கும் இடத்தில் இனி என்ன போடவேண்டும் என்று அன்ரிக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"தாய் தேடிக்கொண்டிருக்கிறா எண்டு போடும், பிள்ளை" என்றார். அப்படியே போட்டிருக்கிறேன்.